வெயில் நாளில் பார்க்காத காவல் மழை இரவில் உதவாது

சுகாதாரப் பாடம்: கழிவுநீரும் வெள்ளமும்



மழைக்காலம் தொடங்கிவிட்டால் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் தாய்மார் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மழை அடிச்சா கக்கூசுக் குழி பொங்கி வாசல் வரைக்கும் வருதுங்க. அந்த நேரத்தில என்னாதான் செய்யிறது?" என்று கேட்பார்கள். சிலர், "விடிஞ்ச பொறகு பார்த்துக்குவோம்" என்று சொல்லிப் படுத்துவிடுவார்கள். விடிந்த பிறகு பார்த்தால் பீலித் தண்ணியில் நாற்றம். நாலு நாளில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். அதன் பிறகு டிஸ்பென்சரிக்கு ஓட்டம்.

இந்தக் கேள்விக்கு இந்த இதழில் பதில் சொல்ல நினைத்தோம். அதற்கு முன் வெகு தூரத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். அமெரிக்காவில், கோடிக்கணக்கான டொலர் செலவில் கட்டிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று ஒரே மழை இரவில் வெள்ளத்தில் மூழ்கிப்போனது. "அமெரிக்காக்காரன் கதை நமக்கு எதுக்கு?" என்று நினைக்கவேண்டாம். அங்கே விட்ட பிழையும் நம்ம லயத்தில் விடுகிற பிழையும் அளவில்தான் வேறு. அடிப்படையில் ஒன்றே.

1. அந்த நிலையம் என்ன வேலை செய்கிறது?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் என்றொரு நகரம். அதன் கடற்கரை ஓரத்தில் வெஸ்ட் பொயின்ட் என்ற கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. 1966ஆம் ஆண்டு முதல் வேலை செய்கிறது. கிங் கவுண்டி என்ற உள்ளூராட்சி நிருவாகம் அதை நடத்துகிறது.

நகரத்து வீடுகளின் கக்கூசுத் தண்ணி, குளிக்கும் தண்ணி, சமையல் தண்ணி எல்லாம் குழாய் வழியாக இங்கே வந்து சேரும். பழைய நகரப் பகுதிகளில் மழைத் தண்ணியும் அதே குழாயில்தான் வரும். ஆகவே வெயில் நாளில் கொஞ்சமாக வரும் தண்ணி, பெருமழை நாளில் பல மடங்காகிவிடும். ஒரு நாளைக்கு ஆகக் கூடியது 44 கோடி அமெரிக்கக் கலன், அதாவது சுமார் 166 கோடி லீற்றர் தண்ணியைத் தாங்கும்படி இந்த நிலையத்தை அமைத்திருந்தார்கள்.

தண்ணி சுத்தமாகும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலில், பெரிய பம்புகள் அழுக்குத் தண்ணியை உள்ளே தூக்கிவிடும். கம்பிச் சல்லடை துணி, குச்சி, பிளாஸ்டிக் முதலியவற்றைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவதாக, தண்ணி பெரிய தொட்டிகளில் மெதுவாகப் போகும். கனமான அழுக்கு அடியில் படியும். அரிசி களையும்போது கல் அடியில் தங்குவது போலத்தான்.

மூன்றாவதாக, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தண்ணியில் கரைந்திருக்கும் அழுக்கைத் தின்னும். இவற்றுக்கு மூச்சுவிட ஒட்சிசன் வேண்டும். அதை இயந்திரம் மூலம் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். இந்த நுண்ணுயிர்களே நிலையத்தின் உண்மையான தொழிலாளர்கள். இரவும் பகலும் வேலை, லீவு கிடையாது.

நான்காவதாக, கிருமி கொல்லும் மருந்து சேர்த்து, தெளிந்த தண்ணியைக் கடலுக்குள் விடுவார்கள். கடல் பெருக்கெடுத்து நீர்மட்டம் உயர்ந்திருக்கும் வேளையில் தண்ணி தானாக வெளியே ஓடாது. பம்பு போட்டுத்தான் தள்ளவேண்டும்.

அடியில் படிந்த சகதி வேறொரு மூடிய தாங்கிக்குப் போகும். அங்கே காற்றில்லாமல் வாழும் வேறு வகை நுண்ணுயிர்கள் அதைச் செரிக்கும். நம் வயிற்றுச் சூடு போல, சுமார் 35 பாகை செல்சியஸ் வெப்பம் அவற்றுக்கு வேண்டும்.

உள்ளே கொண்டுவரும் பம்பு ஒன்று, வெளியே தள்ளும் பம்பு ஒன்று என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் நிலையம் பிழைக்கும்.

2. அன்று இரவு நடந்தது

2017ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி. நடுச்சாமம் கழிந்து இரண்டு மணி தாண்டிய நேரம். பெருமழை. கடலும் உயர்ந்திருந்தது. நிலையம் தாங்கக்கூடிய உச்ச அளவில் தண்ணி வந்துகொண்டிருந்தது.

அந்த வேளையில் நிலையத்தின் ஒரு பகுதிக்கு மின்சாரம் தடைப்பட்டது. வெளியே தள்ளும் பம்புகள் நின்றுவிட்டன. உள்ளே கொண்டுவரும் பம்புகளோ நிற்கவில்லை. அவை தம் வேலையைச் செய்துகொண்டே இருந்தன.

வாசற்கதவு பூட்டியிருக்கும் வீட்டுக்குள் பின்கதவால் வாளி வாளியாகத் தண்ணி ஊற்றினால் என்னவாகும்? அதுதான் அங்கேயும் நடந்தது.

இப்படி ஒரு நாள் நடக்கலாம் என்று கட்டியவர்களுக்குத் தெரியாமலில்லை. அதற்காகவே தொட்டிகளில் மிதவைகள் வைத்திருந்தார்கள். தண்ணி அளவுக்கு மேல் ஏறினால் மிதவை மேலே வரும். வந்ததும் ஒரு சுவிட்ச் தட்டும். உள்ளே கொண்டுவரும் பம்புகள் தானாக நின்றுவிடும். நம்ம கக்கூசு சிஸ்டனுக்குள் பந்து ஒன்று மிதந்து தண்ணியை அடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே வேலைதான்.

ஆனால் அன்றிரவு அந்த மிதவைகள் வேலை செய்யவில்லை. தண்ணி ஏறியது, சுவிட்ச் தட்டவில்லை.

கட்டுப்பாட்டு அறையில் அபாய அறிவிப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து குவிந்தன. சின்னக் கோளாறுக்கும் மணி, பெரிய கோளாறுக்கும் மணி. எதை முதலில் பார்ப்பது? கையாலேயே பம்பை நிறுத்திவிட வழி இருந்தது. அந்த முடிவை எடுக்குமுன் தொட்டிகள் நிரம்பி வழிந்துவிட்டன. நிலத்துக்குக் கீழே குழாய்களும் மோட்டர்களும் மின்பெட்டிகளும் இருக்கும் சுரங்கப் பாதைகளுக்குள் அழுக்குத் தண்ணி பாய்ந்தது. இரவுவேலையில் இருந்தவர்கள் தப்பி வெளியே வந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லாதது பெரும் பாக்கியம்.

நிலையம் முழுவதையும் இழக்காதிருக்க அவசர மதகைத் திறந்தார்கள். மழைத் தண்ணியும் கக்கூசுத் தண்ணியும் சுத்தம் செய்யப்படாமல் கரையோரக் கடலுக்குள் போயின. அந்த இரவிலும் பின்வந்த நாட்களிலுமாக இப்படிப் போனது சுமார் 23 கோடியே 50 இலட்சம் கலன் என்று கணக்கிட்டார்கள். நம்ம கணக்கில் ஏறக்குறைய 89 கோடி லீற்றர். ஆயிரம் லீற்றர் கொள்ளும் கறுப்புத் தாங்கிகளில் நிரப்பினால் 8 இலட்சத்து 90 ஆயிரம் தாங்கி வேண்டும். அருகிலிருந்த கடற்கரைகளை மூடி, யாரும் தண்ணியில் இறங்கக்கூடாது என்று சுகாதாரப் பகுதியினர் பலகை வைத்தார்கள்.

3. மீண்டு எழுந்த விதம்

மின்சாரம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்போம். அப்படி ஆகவில்லை. நிலையம் பழையபடி சட்ட அளவுக்குச் சுத்தம் செய்ய மே மாதம் ஆகிவிட்டது. சுமார் மூன்று மாதம். செலவு ஏறக்குறைய 2½ கோடி டொலர்.

ஏன் அவ்வளவு காலம்?

முதலில் தேங்கிய தண்ணியை வெளியேற்ற வேண்டியிருந்தது. பிறகு கழுவி, கிருமி நீக்கி, நனைந்த மோட்டர்களையும் மின்பெட்டிகளையும் கழற்றி உலர்த்தவேண்டும் அல்லது மாற்றவேண்டும். ஈரத்தோடு சுவிட்சைப் போட்டால் மோட்டரும் எரியும், போட்டவருக்கும் ஆபத்து. ஆகவே ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் மின்சாரம் கொடுத்தார்கள்.

அதே நேரம் நகரத்து மக்களைக் கக்கூசுக்குப் போகாதே என்று சொல்ல ஏலாது. தண்ணி வந்துகொண்டே இருந்தது. முழு வேலையும் முடியாது என்றால் முடிந்த மட்டும் செய்வோம் என்று தீர்மானித்தார்கள். சல்லடையில் வடித்து, அழுக்கைக் கொஞ்சம் படியவிட்டு, கிருமி கொல்லும் மருந்து போட்டு அனுப்பினார்கள். பெப்ரவரி நடுப்பகுதியில் மீண்டும் பெருமழை வந்தபோது திரும்பவும் அவசர மதகைத் திறக்க நேர்ந்தது.

எல்லாவற்றிலும் கடினமானது நுண்ணுயிர்களைத் திரும்ப நிலைநிறுத்துவதே. கொதிகலன்கள் மூழ்கியதால் சகதித் தாங்கிகளின் சூடு குறைந்துபோனது. மோட்டரைக் கடையில் வாங்கலாம். உயிர் அப்படி இல்லை. தயிருக்கு உறை ஊற்றிவிட்டு அடுத்த நிமிடமே தயிரைக் கேட்க முடியுமா? சூடு வேண்டும், நேரம் வேண்டும், நடுவில் கலைக்காமல் விடவும் வேண்டும். அதுபோல மெதுவாகச் சூடேற்றி, அளவாக உணவு கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருந்தார்கள்.

4. விசாரணையில் தெரியவந்தது

வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் விசாரித்து, அதே ஆண்டில் அறிக்கை கொடுத்தார்கள். ஒருவர் தலையில் மட்டும் பழியைப் போட்டு முடிக்கவில்லை. பல சின்னக் குறைகள் ஒரே இரவில் ஒன்றுசேர்ந்ததை எடுத்துக் காட்டினார்கள்.

நம்பியிருந்த மிதவை, வேண்டிய வேளையில் கைவிட்டது. அது கைவிட்டால் அடுத்த காவல் என்ன என்பதற்குப் போதிய ஏற்பாடு இருக்கவில்லை. மணிகள் அளவுக்கு மீறி அடித்ததால் முக்கியமான மணி காதில் ஏறவில்லை. அப்படிப்பட்ட பெரிய அவசர நிலைக்கு ஊழியர்களுக்குக் கொடுத்திருந்த பயிற்சியும் போதவில்லை.

2017 செப்டெம்பரில் மாநிலச் சுற்றாடல் திணைக்களம் 3 இலட்சத்து 61 ஆயிரம் டொலர் அபராதம் விதித்தது. மிதவைகளுக்கு மாற்றுக் காவல் வைக்கவும், ஊழியருக்கு அவசரகாலப் பயிற்சி கொடுக்கவும் உத்தரவிட்டது.

இதிலிருந்து நாம் எடுக்கும் பாடம் இரண்டு வரி.

உள்ளே வருவதை முதலில் நிறுத்து.
நிறுத்தும் கைப்பிடியை வெயில் நாளிலேயே திருப்பிப் பார்.

5. இனி நம்ம லயத்துக்கு வருவோம்

நம்மிடம் பெரிய பம்பும் இல்லை, கட்டுப்பாட்டு அறையும் இல்லை. ஆனால் லயத்துக் கக்கூசுக் குழியும் ஒரு சின்னச் சுத்திகரிப்பு நிலையம்தான். அங்கேயும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னுகின்றன. அங்கேயும் மழைத் தண்ணி கலந்தால் குழி பொங்கும். பொங்கினால் அது ஓடும் இடம் நம்ம வாசல், பிறகு கான், பிறகு ஓடை.

அந்த ஓடை நம்மோடு நிற்பதில்லை. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகி, அம்பத்தளையில் கொழும்பு மக்களின் குடிநீராகிறது. மேலே இருக்கும் நாம் விடுகிற தண்ணியைக் கீழே இருப்பவர் குடிக்கிறார். நமக்கு மேலேயும் ஒரு லயம் இருந்தால் அவர்கள் விட்டதை நாம் குடிக்கிறோம்.

வெயில் நாளில் செய்யவேண்டியவை

முதலாவது, மழைத் தண்ணி குழிக்குள் போகாமல் பார்க்கவேண்டும். கூரைத் தண்ணி நேரே குழிமேல் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் தகரமோ பீலியோ வைத்து வேறு பக்கம் திருப்புங்கள். குழிக்கு மேற்புறத்தில் ஒரு கான் வெட்டினால் மலையிலிருந்து வரும் தண்ணி சுற்றிப் போய்விடும். கான் வெட்டுவது நம்ம கைக்குப் பழகிய வேலை. ஆனால் கக்கூசுக்கு மேலே வெட்டத்தான் மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது, குழியின் மூடியைப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மழையும் இறங்கும், ஈயும் ஏறும், பிள்ளை கால் வைத்தால் உடையவும் கூடும். சீமெந்து பூசச் சொல்லி நலன்புரி உத்தியோகத்தரிடம் எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்வதைவிட எழுதிக் கொடுப்பது நல்லது.

மூன்றாவது, புதிதாகக் குழி வெட்டும்போது குடிதண்ணி ஊற்றிலிருந்து ஆகக் குறைந்தது 50 அடி, அதாவது 15 மீற்றர் தள்ளி, ஊற்றுக்குக் கீழ்ப்புறமாக வெட்டவேண்டும். வெடிப்புப் பாறை இருக்கும் இடத்தில் இந்தத் தூரமும் போதாது. பி.எச்.ஐ. ஐயாவைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டிக் கேட்பதே சரி.

நான்காவது, குடிதண்ணித் தாங்கிக்கு ஊற்றிலிருந்து வரும் குழாயில் ஒரு வால்வு இருக்கும். அதுதான் நம்ம லயத்தின் அவசரக் கைப்பிடி. ஓடை கலங்கி அழுக்கு வரும்போது அந்த வால்வை அடைத்துவிட்டால், தாங்கிக்குள் முன்பே இருக்கும் நல்ல தண்ணி கெடாது. ஆனால் அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று லயத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவரும் கடைசியாக எப்போது திருப்பிப் பார்த்தார்? துருப்பிடித்து இறுகிப்போயிருந்தால் நடுச்சாமத்தில் மழையில் நின்று திருப்ப ஏலாது. சியாட்டில் மிதவையின் கதை அங்கே திரும்பவும் நடக்கும்.

ஆகவே லயத்துக்கு இரண்டு பேரைப் பொறுப்பாக நியமியுங்கள். ஒருவர் வேலைக்குப் போயிருந்தால் மற்றவர் இருப்பார். ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. தண்ணி எடுப்பதும் பிள்ளையைக் கழுவுவதும் பெரும்பாலும் பெண்களே என்பதால், தண்ணி கெட்டதை முதலில் அறிபவர்களும் அவர்களே. மாதம் ஒரு முறை, சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்களேன், வால்வைத் திருப்பி அடைத்துத் திறந்து பார்க்கட்டும். பத்து நிமிட வேலை.

மழை இரவில் குழி பொங்கினால்

முதலில், உள்ளே வருவதை நிறுத்துங்கள். பொங்கும் கக்கூசுக்குத் தண்ணி ஊற்றாதீர்கள். அந்தக் குழிக்குக் குளிக்கும் தண்ணி போகுமானால் அதையும் நிறுத்துங்கள். பொங்காத பக்கத்துக் கக்கூசை எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள். இதற்குச் சண்டை வேண்டாம். இன்று அவர்கள் கக்கூசு, நாளை நம்ம கக்கூசு.

இரண்டாவதாக, குடிதண்ணி வால்வை அடையுங்கள்.

மூன்றாவதாக, யாருக்குச் சொல்வது என்று குழம்பவேண்டாம். ஆளுக்கு ஒரு பக்கம் கத்தினால் சியாட்டில் மணிகளைப் போல ஒன்றும் காதில் ஏறாது. பொறுப்பாளர் ஒருவரே தோட்டத்து உத்தியோகத்தருக்குத் தகவல் சொல்லட்டும். மற்றவர்கள் பிள்ளைகளையும் வயதானவர்களையும் பார்க்கட்டும்.

நான்காவதாக, குழியைச் சுற்றி மண் வெடித்தாலோ, சரிவில் திடீரென்று சேற்றுத் தண்ணி கிளம்பினாலோ கக்கூசை விட்டுவிடுங்கள். லயத்தை விட்டு ஆட்களை வெளியேற்றுங்கள். மண்சரிவுக்கு அது அடையாளமாக இருக்கலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

உயிருக்கு ஆபத்தான பிழை

இதைத் தனியாகச் சொல்கிறோம். வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அடைத்துப்போன குழிக்குள் யாரும் இறங்கக்கூடாது. "ரெண்டு நிமிஷந்தானே, நான் எறங்கி எடுத்துவிட்டிர்றேன்" என்று சொல்லும் துணிச்சல்காரத் தம்பிகள் எல்லா லயத்திலும் இருப்பார்கள். குழிக்குள் ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சுவாயு சேர்ந்திருக்கும். கொஞ்சமாக இருந்தால் கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் இல்லே, இறங்கலாம்" என்று நினைத்தவர் சில மூச்சிலேயே விழுந்துவிடுவார். ஒட்சிசனும் அங்கே போதாது.

விழுந்தவரைத் தூக்க அண்ணன் இறங்குவார். அண்ணனைத் தூக்க மாமன் இறங்குவார். இப்படி ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் இறந்த செய்திகள் பல நாடுகளிலிருந்தும் வந்துகொண்டிருக்கின்றன. ஒருவர் விழுந்துவிட்டால் மற்றவர் இறங்காதீர்கள். மனது கேட்காதுதான். ஆனாலும் இறங்காதீர்கள். மூடியை முழுவதும் திறந்துவிட்டு, மேலிருந்தபடியே கயிறு எட்டுமானால் முயன்று பாருங்கள். உடனே 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். குழிக்குப் பக்கத்தில் தீக்குச்சி, குப்பிலாம்பு, பீடி எதுவும் வேண்டாம். எரியும் வாயுவும் அங்கே உண்டு.

வெள்ளம் வடிந்த பிறகு

மண் நன்றாக ஊறியிருக்கும்போது குழியையோ செப்டிக் தாங்கியையோ உடனே இறைத்து வெறுமையாக்காதீர்கள். சுற்றியுள்ள ஈரமண் நெருக்கிச் சுவர் உள்ளே விழலாம். பிளாஸ்டிக் தாங்கியானால் மேலே கிளம்பியும் வரலாம். சுற்றுப்புறத் தண்ணி இறங்கும் வரை பொறுத்திருங்கள்.

"நாத்தம் போகட்டும்" என்று போத்தல் போத்தலாகப் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் குழிக்குள் கொட்டுகிறவர்கள் உண்டு. அது உள்ளே வேலை செய்யும் நுண்ணுயிர்களைக் கொல்லும். பிறகு குழி சீக்கிரம் நிரம்பும், நாற்றமும் கூடும். மருந்தை வாசலுக்கும் தரைக்கும் கக்கூசுப் படிக்கும் போட்டுக் கழுவுங்கள். குழிக்குள் இருப்பவை தாமாகத் தேறும். சியாட்டில் நிபுணர்களே வாரக்கணக்கில் பொறுத்திருந்தார்கள் அல்லவா?

அழுக்குத் தண்ணி பட்ட இடத்தைச் சுத்தம் செய்யும்போது பூட்ஸ் போடுங்கள். இல்லாவிட்டால் உறுதியான பிளாஸ்டிக் உறையைக் காலில் கட்டிக்கொள்ளுங்கள். காலில் வெட்டுக்காயம் இருப்பவர் அந்த வேலையை விட்டுவிடவேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி காயத்தின் வழியாக ஏறும். வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் உளைச்சல் வந்தால், "மழையில நனைஞ்ச காய்ச்சல்தானே" என்று இருக்காமல் டிஸ்பென்சரிக்குப் போங்கள். வெள்ளத் தண்ணியில் நின்றதையும் சொல்லுங்கள்.

குடிதண்ணியை, கொப்புளம் பொங்கி வந்த பிறகும் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு ஆற வையுங்கள். மூடி வைத்து, பிடி உள்ள குவளையால் எடுங்கள். தாங்கிக்குள் அழுக்குப் போயிருந்தால் கழுவி, பி.எச்.ஐ. ஐயா சொல்லும் அளவுக்கு மட்டும் குளோரின் போடவேண்டும். கண்மதிப்பில் போடாதீர்கள்.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் ஒரு ஜீவனிப் பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணியில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஜீவனி கிடைக்காத இடத்தில் அதே அளவு தண்ணியில் தட்டையாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கண் குழி விழுந்தால், சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால், பிள்ளை குடிக்க முடியாமல் சோர்ந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

6. கடைசியாக ஒரு வார்த்தை

தோட்டங்களில் நமக்குச் செய்து தரவேண்டியவை எத்தனையோ பாக்கி இருக்கின்றன. நல்ல கக்கூசு கேட்பது நம் உரிமை. கேட்டுக்கொண்டே இருப்போம். அதற்கிடையில் நம்ம கையில் இருக்கும் சின்னக் காவல்களைக் கைவிடக்கூடாது. ஒரு கான், ஒரு மூடி, ஒரு வால்வு, பொறுப்பான இரண்டு பேர். இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை.

வெஸ்ட் பொயின்ட் நிலையத்தில் பணம் இருந்தது, இயந்திரம் இருந்தது, படித்த ஆட்களும் இருந்தார்கள். நம்பியிருந்த ஒரு மிதவை எழும்பாததாலும், எழும்பாவிட்டால் என்ன செய்வது என்பதைப் போதிய அளவு பழகியிராததாலும் மூன்று மாதம் அவதிப்பட்டார்கள். நமக்குப் பாடம் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மழை இல்லாவிட்டால், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் உங்கள் லயத்து வால்வு எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். நீங்கள் மலையில் கொழுந்தெடுக்கும் நேரம் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

கூடிப் பேசுவதற்குக் கேள்விகள்
(மாதர் சங்கக் கூட்டத்திலோ, பிள்ளை மடுவத்தில் தாய்மார் கூடும்போதோ ஒருவர் வாசிக்க மற்றவர்கள் பதில் சொல்லலாம்.)

1. சியாட்டிலில் எந்தப் பம்பு நின்றது? எந்தப் பம்பு நின்றிருக்கவேண்டும்?
2. நம்ம லயத்துக் கூரைத் தண்ணி எங்கே போய் விழுகிறது? இப்போதே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.
3. குடிதண்ணித் தாங்கியின் வால்வு எங்கே இருக்கிறது? அதைத் திருப்பத் தெரிந்தவர்கள் யார் யார்?
4. குழிக்குள் பினாயில் கொட்டினால் என்ன நடக்கும்?
5. குழிக்குள் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார். நீங்கள் அருகில் நிற்கிறீர்கள். முதலில் என்ன செய்வீர்கள்? எதைச் செய்யவே மாட்டீர்கள்?
6. நம்ம லயத்தின் இரண்டு பொறுப்பாளர்கள் யார்? இன்றே பெயரைத் தீர்மானித்து, பெரட்டுக்களத்தில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.